அண்ணன் குடும்பத்தை எந்தச் சதுப்புக்கு அழைத்துப் போவது? ஜெர்மனியில் நான்கு இடங்கள்

அக்டோபர் முதல் வாரத்தில் பொள்ளாச்சியிலிருந்து அண்ணன், அண்ணி, இரண்டு பிள்ளைகள், அம்மா என ஐந்து பேர் ஃபிராங்ஃபர்ட்டுக்கு வருகிறார்கள். மொத்தம் பத்து நாள். அதில் மூன்று நாளை என் பொறுப்பில் விட்டுவிட்டார் அண்ணன். "கோட்டை, ரைன் படகு எல்லாம் யூடியூப்லயே பார்த்தாச்சு. நீ அடிக்கடி போவியே, அந்தச் சதுப்பு நிலம், அதைக் காட்டு" என்றார்.

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. அண்ணனுக்குத் தென்னை நார்த் தொழில். நார் பிரித்தபின் மிஞ்சும் தூளைக் கழுவி, காயவைத்து, அழுத்திக் கட்டிகளாக்கி ஐரோப்பாவுக்கு அனுப்புகிற ஊர் பொள்ளாச்சி. அதை இங்கே செடி வளர்ப்பவர்கள், சதுப்பிலிருந்து வெட்டியெடுக்கிற பீட் என்ற தோட்ட மண்ணுக்கு மாற்றாக வாங்குகிறார்கள். கோகோ பீட் என்ற பெயரே அப்படி வந்ததுதான். இருபது வருடமாக மாற்றை விற்பவருக்கு அசல் எப்படி இருக்கும், அதை எங்கிருந்து வெட்டினார்கள் என்று பார்க்க ஆசை. எனக்கும் காட்ட ஆசை.

சரி, எந்தச் சதுப்பு? மூட்டு வலியுள்ள அம்மா, எட்டு வயதுப் பையன், பதினான்கு வயதுப் பெண், தொழில்காரர் ஒருவர், வரலாறு படித்த அண்ணி. எல்லோருக்கும் பொருந்துகிற ஓர் இடத்தைத் தேடி நான் போட்ட கணக்கு இது. இதே யோசனையில் இருக்கிற வேறு யாருக்காவது பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் இரண்டு வரி அடிப்படை. ஜெர்மனில் இந்த நிலத்துக்குப் பெயர் 'மோர்'. கேட்பதற்கு நம் மோர் போலவே இருக்கும். ஆற்று நீரும் நிலத்தடி நீரும் தேங்கி உண்டாவது ஒரு வகை. மழைநீரை மட்டும் குடித்து, ஸ்பேக்னம் என்னும் பாசி அடுக்கடுக்காக வளர்ந்து, சுற்றுப்புறத்தைவிட மேடாக எழுவது இன்னொரு வகை. இரண்டிலும் தண்ணீருக்கு அடியில் காற்றுப் புகாததால் செத்த செடி முழுதாக மட்குவதில்லை. அப்படியே அமுங்கிப் பீட் ஆகிறது. வருடத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். ஒரு மீட்டர் ஆழத்துக்கு வெட்டினால் ஆயிரம் வருடத்தை வெட்டியெடுத்தோம் என்று பொருள். செடியோடு சேர்ந்து உள்ளே விழுந்த மரம், துணி, கயிறு, சில இடங்களில் மனித உடல்கூடக் கெடாமல் கிடக்கும்.

ஜெர்மனியின் சதுப்புகளில் 90 சதவீதத்துக்கு மேல் வாய்க்கால் வெட்டி வற்றவைக்கப்பட்டவை. காய்ந்த பீட் காற்றுப் பட்டதும் மட்கத் தொடங்கும். அதிலிருந்து வெளியேறும் கரியமில வாயு முதலான பசுங்குடில் வாயுக்கள் மட்டும் நாட்டின் மொத்த உமிழ்வில் ஏழு சதவீதத்துக்கு அருகில் வருகின்றன. அதனால்தான் இப்போது அதே வாய்க்கால்களை அடைத்து நீர் தேக்குகிறார்கள்.

நான் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றே ஒன்று. இயற்கைக் காப்பகமும் வரலாற்று இடமும் ஒரே கதையைச் சொல்லவேண்டும். காலையில் பறவை, மதியம் கோட்டை என்று இரண்டு தனிச் சுற்றுலாவை ஒட்டவைத்தால் பிள்ளைகளுக்கு இரண்டுமே மறந்துபோகும். அருங்காட்சியகத்தில் கேட்டதை வெளியே வந்து காலால் உணர முடிகிற இடம்தான் எனக்கு வேண்டும்.

பக்கத்தில் இருப்பது ரோன் மலை. ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து ஃபுல்டாவுக்கு ரயிலில் ஒரு மணி நேரம், அங்கிருந்து வாடகைக் கார். யுனெஸ்கோ 1991இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த பகுதி இது. பவேரிய மூலையில் இருக்கிற ஷ்வார்செஸ் மோர், அதாவது கருஞ்சதுப்பு, சுமார் 66 ஹெக்டேர்தான். ஆனால் பெரிதாக வெட்டுப்படாமல் தப்பியது. பலகைப் பாதையில் மெதுவாக நடந்தால் ஒன்றரை மணி நேரத்தில் சுற்றிவிடலாம். வண்டி நிறுத்தும் இடத்தருகே நாஜிக் காலத்து உழைப்பு முகாமின் கல்வாசல் இன்னும் நிற்கிறது. இந்த மேட்டு நிலத்தை உழவு நிலமாக்க அப்போது திட்டம் போட்டிருந்தார்கள். அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரக் கார்ப் பயணத்தில் பாயின்ட் ஆல்ஃபா. இரண்டு ஜெர்மனிகளாக இருந்த காலத்தில் அமெரிக்க வீரர்கள் கிழக்கைக் கண்காணித்த எல்லைக் காவல் நிலையம் அது. இரண்டும் நல்ல இடங்கள். ஆனால் சதுப்புக்கும் பனிப்போருக்கும் உறவில்லை. என் அளவுகோலில் ரோன் இங்கேயே விழுந்துவிடுகிறது. ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்பவர்களுக்கு மட்டும் இதைச் சொல்வேன்.

அடுத்தது பிரேமனுக்கு வடக்கே இருக்கிற டாய்ஃபெல்ஸ்மோர். பெயரைப் பார்த்தால் பிசாசுச் சதுப்பு. ஆனால் 'விளைச்சலற்ற' என்ற பொருளுள்ள பழைய வட்டாரச் சொல்தான் திரிந்து பிசாசாகிவிட்டது என்பார்கள். 18ஆம் நூற்றாண்டில் யூர்கன் கிறிஸ்டியான் ஃபின்டோர்ஃப் என்ற அதிகாரி இங்கே வாய்க்கால் வெட்டி, ஏழைகளுக்கு நிலம் பிரித்துக் கொடுத்து, ஊர் ஊராகக் குடியேற்றினார். வந்தவர்கள் மண்குடிசையில் ஈரத்தோடு வாழ்ந்து, பீட் வெட்டி, கரும்பழுப்புப் பாய் கட்டிய சின்னப் படகில் பிரேமனுக்கு விறகாக அனுப்பிப் பிழைத்தார்கள். முதல் தலைமுறைக்குச் சாவு, இரண்டாவதற்குப் பஞ்சம், மூன்றாவதற்குத்தான் ரொட்டி என்ற வழக்கு அந்த மக்களிடமிருந்து வந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் காட்டைத் திருத்தத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் கதை தெரிந்த அண்ணிக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

1889இல் சில இளம் ஓவியர்கள் இங்குள்ள வோர்ப்ஸ்வேடெ என்ற கிராமத்தில் தங்க முடிவெடுத்தார்கள். ஃபிரிட்ஸ் மாக்கன்சனும் ஓட்டோ மோடர்ஸோனும் அவர்களில் இருவர். பிறகு வந்த பாவுலா மோடர்ஸோன்-பெக்கர்தான் எனக்குப் பெரியவர். பீட் வெட்டும் வீட்டுப் பெண்கள், ஏழை விடுதியில் இருந்த கிழவிகள், மெலிந்த பிள்ளைகள் இவர்களையே வரைந்தார். அழகாக்கிக் காட்டவில்லை. குழந்தை பிறந்து சில நாளில், 1907இல், 31 வயதில் இறந்தார். கல்லறை கிராமத்திலேயே இருக்கிறது. பிரேமனில் அவருக்காக 1927இல் ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். ஒரு பெண் ஓவியருக்கென்று உலகில் எழுந்த முதல் அருங்காட்சியகம் அது.

வழியும் எளிது. பிரேமனிலிருந்து பேருந்து. ஹாமெ ஆற்றில் பழைய பாணிப் பீட் படகில் போகலாம். கோடை வார இறுதிகளில் 'மோர்எக்ஸ்பிரஸ்' என்ற பழைய ரயில் ஓடும். படகும் ரயிலும் இலையுதிர் காலத்தில் நின்றுவிடும் என்பதால் அக்டோபரில் போகிறவர்கள் அட்டவணையைப் பார்த்துவிட்டே கிளம்பவேண்டும். என் தயக்கம் வேறு. இங்கே சதுப்பு என்று நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் புல்வெளி. வாய்க்காலும் பீர்ச் மரமும் மாடும் இருக்கும். அழகுதான், ஓவியத்தில் இருப்பதைப் போலவே இருக்கும். ஆனால் காலடியில் நிலம் நெளிகிற உணர்வைத் தேடி வெகுதூரம் நடக்கவேண்டும். எட்டு வயதுப் பையனை நான்கு ஓவியக் கூடங்களுக்குள் இழுத்துப் போவதும் நடக்காது. கணவன் மனைவி இருவராக, ஓவியத்தில் ஈடுபாட்டோடு போகிறவர்களுக்கு நான்கில் இதுதான் முதலிடம்.

இனி எம்ஸ்லாண்ட். டச்சு எல்லையோரம், ஒரு காலத்தில் மேற்கு ஐரோப்பாவின் பெரிய மேட்டுச் சதுப்புகளில் ஒன்றாக இருந்த பௌர்டாங்கர் மோர். இன்று எல்லையின் இரு பக்கமும் சேர்த்து ஒரு பன்னாட்டு இயற்கைப் பூங்கா. அண்ணன் தேடி வருவது உண்மையில் இங்கேதான் இருக்கிறது. குரோஸ் ஹேசெபெயில் உள்ள சதுப்பு அருங்காட்சியகத்தில் ஓட்டோமேயர் நிறுவனத்தின் நீராவி உழவு எந்திரங்கள் நிற்கின்றன. வயலின் இரு பக்கமும் நீராவி எந்திரங்களை நிறுத்தி, நடுவே இரும்பு வடத்தில் ஒரு ராட்சதக் கலப்பையை இழுப்பார்கள். 'மாமுட்' என்று பெயர் வைத்த கலப்பை இரண்டு மீட்டர் ஆழத்துக்கு மண்ணைப் புரட்டும். அடியில் இருக்கிற மணல் மேலே வந்து பீட்டோடு கலந்து விளைநிலம் ஆகும். போருக்குப் பிறகு, 1950இல் அரசு எம்ஸ்லாண்ட் திட்டத்தைத் தொடங்கியபோது இந்தக் கலப்பைகள்தான் சதுப்பின் முகத்தை மாற்றின. அதன் பக்கத்தில் நின்றால் என் தோள் அதன் சக்கரத்துக்கும் எட்டாது. பல்லாயிரம் வருடம் வளர்ந்ததை ஒரு பகலில் புரட்டிப் போட்டிருக்கிறார்கள் என்று அங்கே நின்றபோது வயிறு கலங்கியது. பசித்த மக்களுக்கு நிலம் வேண்டியிருந்தது என்பதும் உண்மை.

தோட்ட மண்ணுக்கான பீட் வெட்டு இந்த மாநிலத்தில் இன்னும் முழுதாக நிற்கவில்லை. கறுப்பாகச் சீவிய வெளி அடிவானம் வரை கிடக்கும். அதற்கு அடுத்தே, வெட்டு முடிந்து நீர் தேக்கிய பகுதியில் பஞ்சுப்புல்லும் ஸ்பேக்னமும் திரும்பி வந்திருக்கும். பொள்ளாச்சித் தூள் ஏன் கப்பலேறி இவ்வளவு தூரம் வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேறெங்கும் கிடைக்காது.

அப்புறம் எஸ்டர்வேகன். 1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்த சில மாதங்களிலேயே இந்தச் சதுப்பில் முகாம்கள் எழுந்தன. போர் முடிவதற்குள் மொத்தம் 15 முகாம்கள். ஆரம்பத்தில் அடைக்கப்பட்டவர்கள் கம்யூனிஸ்டுகள், சமூக ஜனநாயகவாதிகள், பத்திரிகையாளர்கள். மண்வெட்டியை மட்டும் கொடுத்துச் சதுப்பைத் திருத்தச் சொன்னார்கள். எந்திரத்தால் செய்யக்கூடிய வேலையைக் கையால் செய்யவைத்தது உடலையும் மனத்தையும் முறிக்கத்தான். அருகிலிருந்த போர்கர்மோர் முகாமில் 1933 ஆகஸ்டில் கைதிகளே எழுதி இசையமைத்துப் பாடிய பாட்டு, தங்களைச் 'சதுப்பின் சிப்பாய்கள்' என்று அழைத்துக்கொண்ட பாட்டு, பிறகு ஐரோப்பா முழுக்கப் பரவியது. எஸ்டர்வேகனில் இருந்தவர்களில் கார்ல் ஃபொன் ஒசியட்ஸ்கியும் ஒருவர். ஜெர்மனி ரகசியமாக ராணுவத்தைப் பெருக்குவதைத் தன் பத்திரிகையில் வெளிக்கொண்டுவந்தவர். 1935ஆம் ஆண்டுக்கான அமைதி நோபல் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டபோது உடல் நொறுங்கி மருத்துவமனையில் இருந்தார். 1938இல் இறந்தார்.

நினைவிடம் 2011இல் திறந்தது. பழைய கட்டடங்கள் இல்லை. வாசலும் மதிலும் இருந்த இடத்தில் துருவேறிய இரும்புத் தகடுகள், கொட்டகைகள் இருந்த இடத்தில் மரக் கூட்டங்கள். பார்த்து முடித்துச் சதுப்பின் பக்கம் திரும்பினால் காற்று மட்டும்தான். அந்த வெறுமையைப் பார்க்கும்போதுதான் தப்பி ஓடினால் எங்கே போயிருப்பார்கள் என்ற கேள்வி வரும். நிலமே மதிலாக இருந்திருக்கிறது.

இந்தப் பகுதி இன்னொன்றையும் கற்றுக்கொடுத்தது. 2018 செப்டம்பரில், வறட்சியின் நடுவே, மெப்பன் அருகே ராணுவச் சோதனைத் திடலில் ஹெலிகாப்டரிலிருந்து ராக்கெட் சுட்டுப் பார்த்ததில் காய்ந்த பீட் பற்றிக்கொண்டது. ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் பரவி, ஒரு மாதத்துக்கு மேல் மண்ணுக்கு அடியிலேயே புகைந்தது. பீட் என்பது விறகு என்பதை அதன்பிறகு யாருக்கும் சொல்லித்தரத் தேவை இருக்கவில்லை.

கதை ஒன்றாக இருக்கவேண்டும் என்ற என் அளவுகோலில் எம்ஸ்லாண்டுக்கு நிகர் இல்லை. சிக்கல் இரண்டு. ஒன்று போக்குவரத்து. எஸ்டர்வேகனில் ரயில் நிலையம் இல்லை. கிராமப் பேருந்துகள் பள்ளி நேரத்தை ஒட்டி ஓடுகின்றன. முதல்முறை சனிக்கிழமை மாலை அங்கே மாட்டிக்கொண்டு, அறிமுகமே இல்லாத ஒரு வயதான தம்பதியின் காரில் பாப்பன்பூர்க் வரை வந்தேன். கார் இல்லாமல் போகாதீர்கள். இரண்டாவது சிக்கல் பெரியது. எட்டு வயதுப் பையனையும், ஊரைப் பார்க்க ஆசையோடு முதல்முறை வெளிநாடு வரும் அம்மாவையும் வதைமுகாமுக்குக் கூட்டிப்போக எனக்கு மனம் வரவில்லை.

கடைசியாக ஃபேடர்ஸே. தென்மேற்கு ஜெர்மனியின் மிகப் பெரிய சதுப்பு, சுமார் 33 சதுர கிலோமீட்டர். நடுவே ஒரு சின்ன ஏரி, சற்றுத் தள்ளி பாட் பூஹாவ் என்ற சிற்றூர். ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து உல்ம் வரை விரைவு ரயில், அங்கிருந்து பாட் ஷூஸன்ரீட் வரை வட்டார ரயில், பிறகு பேருந்து. கார் இல்லாமலும் முடியும்.

ஊர் எல்லையிலிருந்து ஏரிக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் பலகைப் பாதை. இருபுறமும் ஆளுயரத்துக்கு மேல் நாணல். சமதளம், படிக்கட்டு இல்லை, சக்கர நாற்காலியும் போகும். இந்தப் பாதை ஏன் இவ்வளவு நீளம் என்பதில்தான் கதையே இருக்கிறது. பாட் பூஹாவ் ஒரு காலத்தில் தீவு. 1787இலும் 1808 வாக்கிலும் விளைநிலம் வேண்டும் என்று ஏரிநீரை வடித்தார்கள். ஏரி சுருங்கியது, கிடைத்த நிலமோ உழவுக்கு உதவவில்லை. ஆக, அந்தப் பலகையில் நடப்பவர் ஏரி இருந்த இடத்தின் மேல்தான் நடக்கிறார். அம்மாவுக்கு இதைச் சொன்னால் எங்கள் ஊர்ப் பக்கத்துக் குளங்கள் என்னவாயின என்று அவரே பேச ஆரம்பித்துவிடுவார்.

வடிந்த சதுப்பில் தோண்டியபோது வெளிவந்தவை கற்கால, வெண்கலக்கால ஊர்கள். வீட்டுக் கால்கள், தரைப் பலகைகள், ஒரே மரத்தைக் குடைந்த ஓடங்கள், ஆளிநார்த் துணி. சுமார் 4,900 ஆண்டுப் பழமையான மரச் சக்கரங்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடைத்தன. உலகில் கிடைத்த மிகப் பழைய சக்கரங்களின் வரிசையில் அவற்றுக்கு இடம் உண்டு. மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணி, ஒரு வீட்டுக் கால் எந்த ஆண்டில் வெட்டப்பட்டது என்றுகூடச் சொல்லிவிடுகிறார்கள். ஆல்ப்ஸைச் சுற்றி ஆறு நாடுகளில் இப்படிப்பட்ட 111 இடங்களை யுனெஸ்கோ 2011இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. ஃபேடர்ஸேயின் ஊர்களும் அதில் அடக்கம். அருங்காட்சியகத்துக்கு வெளியே அந்த வீடுகளை மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள். உள்ளே போய் உட்காரலாம். பையனுக்கு அது போதும்.

காப்பகமும் தொல்லியலும் இங்கே ஒரே வேலை என்பதுதான் என்னை மிகவும் ஈர்த்தது. நீரைத் தேக்கினால் பறவைக்கு நல்லது, அடியில் இன்னும் தோண்டாமல் கிடக்கிற மரத்துக்கும் அதுவே பாதுகாப்பு. நிலம் காய்ந்தால் இரண்டும் போய்விடும்.

சிறுசிறு விஷயங்களும் கூடிவருகின்றன. ஊரை ஒட்டி 'ஆடும் காடு' என்று பெயர் வைத்த ஒரு தோப்பு உண்டு. குதித்தால் தரை அதிரும், பக்கத்து மரம் அசையும். சதுப்பு என்றால் என்ன என்பதைப் பையன் ஒரு நிமிடத்தில் புரிந்துகொள்வான். அழுகண்ணியையும் காட்டவேண்டும். நம் ஊர்ச் சித்த மருத்துவத்தில் பேசப்படும் அந்தப் பூச்சி தின்னும் செடியின் உறவு, வட்ட இலையோடு இங்குள்ள மேட்டுச் சதுப்புகளில் வளர்கிறது. அக்டோபரில் அது ஒடுங்கிவிடும். ஆகவே அண்ணனுக்கு ஆசை காட்டாமல் இருப்பதே நல்லது.

அண்ணிக்கும் இங்கே ஒன்று இருக்கிறது. ஆல்பர்ட் ஐன்ஸ்டைனின் அப்பா ஹெர்மன் 1847இல் பிறந்தது இந்த ஊரில்தான். ஒரு காலத்தில் பெரிய யூதச் சமூகம் இருந்தது. தொழுகைக்கூடத்தை 1938இல் எரித்தார்கள். கல்லறைத் தோட்டம் தப்பியது. அக்குடும்பத்து உறவினரான ஸீக்பெர்ட் ஐன்ஸ்டைன் முகாமிலிருந்து உயிரோடு திரும்பி, இதே ஊரில் வாழ்ந்து, 1968இல் அங்கே அடக்கமானார். எஸ்டர்வேகனின் கனம் இங்கே இல்லாமல் இல்லை. பதினான்கு வயதுப் பெண்ணிடம் அதைப் பேச ஒரு கல்லறைத் தோட்டத்தின் அமைதி போதும்.

சாப்பாடும் ஒரு காரணம். அம்மா இறைச்சியும் மீனும் தொடமாட்டார். ஃபேடர்ஸே இருக்கிற ஷ்வேபியப் பகுதியில் எந்தச் சிற்றுணவகத்திலும் பாலாடைக்கட்டி சேர்த்த ஷ்பெட்ஸ்லெ, அதாவது முட்டை கலந்த மாவில் செய்த நூடுல்ஸ், கிடைக்கும். எம்ஸ்லாண்டில் அம்மாவுக்கு உருளைக்கிழங்கு மட்டும்தான் மிஞ்சும்.

ஆகவே முடிவு இப்படி. மூன்று நாளும் எல்லோரும் ஃபேடர்ஸே. முதல் நாள் மாலையில் பலகைப் பாதை, இரண்டாம் நாள் அருங்காட்சியகமும் ஆடும் காடும், மூன்றாம் நாள் திரும்பும் வழியில் ஷூஸன்ரீட் மடத்து நூலகம். அக்டோபர் 3 தேசிய விடுமுறை, கடைகள் அடைத்திருக்கும். அதனால் அன்றைக்கான பழமும் ரொட்டியும் முந்தைய நாளே வாங்கிவைக்கவேண்டும். திங்கட்கிழமையில் பயணத்தைத் தொடங்கவில்லை, பல அருங்காட்சியகங்களுக்கு அன்றுதான் ஓய்வு.

அண்ணனிடம் இதைச் சொன்னபோது ஒரு நொடி பேச்சில்லை. "அப்ப அந்த பீட் வெட்டுறது?" என்றார். பத்து நாளில் கடைசி இரண்டை அதற்கு ஒதுக்கியிருக்கிறேன். அம்மாவும் அண்ணியும் பையனும் என் வீட்டில் இருப்பார்கள், நாங்கள் இருவரும் வாடகைக் காரில் எம்ஸ்லாண்ட் போகிறோம். மகளும் வருவதா என்பதை அவளே சொல்லட்டும் என்று எஸ்டர்வேகன் பற்றி நான்கு பக்கம் எழுதி அனுப்பினேன். நேற்று இரவு பதில் வந்தது. வருகிறாளாம். ஒசியட்ஸ்கி நடத்திய பத்திரிகை இப்போது எங்கே படிக்கக் கிடைக்கும் என்றும் கேட்டிருக்கிறாள்.